மூன்றாவது படி

பெரம்பூரில் ரயிலை விட்டு இறங்கியதுமே
செல்வின் நடையை மாற்றிக்கொண்டான்.
தணிகாசலத்தின் நடை:
இடது தோளைத் தாழ்த்தி,
வராத கடன்காரனுக்குப் பதுங்கி.
என் தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது.
தூத்துக்குடித் துறைமுகத்தில் எடைச்சீட்டு எழுதுகிறான்.

'வாடகைக்கு ஒரு வம்பு', செவ்வாய் இரவு, பதின்மூன்று வாரம்.
கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி
நாசரேத்தில் எங்கள் வீடு வந்து சேர்வதற்குள்
படம் முழுக்க உப்பு தூவியிருக்கும்.
அந்த உப்புக்குள் ஒரு மனிதன்
வாரம் தவறாமல் மூன்றாவது படியில் வழுக்கி விழுவான்.
மண்ணெண்ணெய் டின்னோடு ஒருமுறை,
தீபாவளிச் சீட்டுப் பணத்தோடு ஒருமுறை,
மாமனார் காலைத் தொடப்போய் ஒருமுறை.
மேற்கு மாம்பலம் என்றது தெருமுனைப் போர்டு.
நம்பினோம்.

மாம்பலத்தில் இரண்டு லீவைத் தொலைத்த பிறகு
ஒரு பழைய லைட்பாய் சொன்னார்:
அகரம். லோகோ ஒர்க்ஸ் பக்கம். நரசய்யா சந்து.
ஏழாம் வாரம், வசனத்துக்கு நடுவே
தூரத்தில் ஒன்று ஊதுமே,
அது லோகோ சங்காம்.
செல்வின் இத்தனை வருடமும்
அதைக் கப்பல் என்று நினைத்திருந்தான்.
மாம்பலத்தில் ஏது கப்பல் என்று
நானும் கேட்டதில்லை.

சந்து இருந்தது.
பச்சைக் கதவு இருந்தது, நீலமாக.
ஜன்னல் கம்பியில் அதே வளைவு.
படியைத்தான் காணோம்.

தார்மேல் தார்.
தேர்தலுக்கு ஒரு விரற்கடை.
தெரு எழும்பிவிட்டது,
வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.
ஏறிப் போன வாசலுக்கு இப்போது இறங்கிப் போகவேண்டும்.
மே மாதத்திலும் மணல்மூட்டையை எடுக்கவில்லை.
செல்வின் குனிந்து சாலையைத் தொட்டான். சுட்டது.
"இதுக்கு அடியிலதான்" என்றான்,
யாரையோ புதைத்த இடத்தைக் காட்டும் குரலில்.

லோகநாயகி வெளியே வந்தார்,
விரலில் நெத்திலிச் செதிலோடு.
"அந்த டிவி நாடகமா? நீங்க நாலாவது ஆளு."
அப்போது அவர் கல்யாணமாகி ஒரு மாதம்.
பதினெட்டு நாள் குழாயடிக்குப் போகக்கூடாது,
குக்கர் வைக்கக்கூடாது,
சைலன்ஸ் என்றால் கைக்குழந்தைக்கும் சைலன்ஸ்.
"அந்தாளு உயுந்தாரு. சிரிச்சிட்டேன்.
கட் கட்னு கத்தி, என்ன உள்ள தள்ளி
கதவ சாத்திட்டாங்க.
அப்றம் டிவில பாக்குறேன்,
அதே எடத்துல யாரோ நூறு பேரு சிரிக்கிறாங்க."

செல்வின் சிரித்தான்.
அவர் சிரிக்கவில்லை.

எதிர்ச் சுவரில் சிவப்பாகத் தெறித்திருந்தது.
நான் பார்ப்பதைப் பார்த்தார்.
"பெயின்ட்டு. போன மாசம் எடுத்த படம்.
நம்ம ரூபன் கையில அருவா குடுத்து ஓடச் சொன்னாங்க.
கேரம்ல ஸ்டேட் ஆடுன பையன்.
ஐநூறு ரூபா."
கையைத் துடைத்துக்கொண்டே, எங்களுக்கென்று இல்லாமல்:
"சிரிப்புன்னா மாம்பலம்னு போர்டு மாட்னாங்க.
வெட்டுகுத்துன்னா மட்டும்
எங்க தெரு பேர அப்டியே வுட்டுட்டாங்க."

செல்வினின் நோட்டில்
பதினொரு விழுதலுக்கும் தேதி இருக்கிறது,
எந்தப் பக்கம் சாய்ந்தார்,
செருப்பு எங்கே பறந்தது.
பேனாவைத் திறந்தான். மூடினான்.
அவர் பெயருக்கு
லோகா என்று முதலில் எழுதி,
கேட்டுத் திருத்தினான்.

உள்ளே இறங்கும்போது நிலையில் தலை இடித்தது.
அவனுக்கில்லை, எனக்கு.
"அங்கதான் எல்லாருக்கும் இடிக்கும்" என்றார்,
எச்சரிக்கை முடிந்தபின் வரும் எச்சரிக்கை.

அப்போது சங்கு ஊதியது.
மூவரும் பேச்சை நிறுத்தினோம்,
யாரோ சொல்லிவைத்த மாதிரி,
அது ஊதி முடியும்வரை.

"டீயா காபியா" என்றார்.