இருநூற்று எண்பது அடி

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தவர்
கறுப்புத் துணி விரித்துப் பெட்டியைத் திறந்தார்,
நகைக்கடையில் ஆரம் காட்டுகிற பதவிசோடு.
போன மாடலைவிடத் தொண்ணூறு கிராம் குறைவாம்.
விசையை அழுத்தவே வேண்டாம் மேடம்,
நினைத்தால் போதும் என்றார்.
போனோடு பேசுமாம்.
பேசட்டும்.
நாகலூர்ப் பக்கம் சிக்னல் கிடையாது.

நான் ஒன்றுதான் கேட்டேன்:
குண்டு எவ்வளவு தூரம் போகும்?

ஹேமந்த் தன் மூக்குக்கண்ணாடியைத்
துடைக்கத் தொடங்கினார்.

அதே தூரம்தான்.
நான் இந்தக் களத்துக்கு வந்த நாளாய் அதே தூரம்.
ஒரு சில்வர் ஓக்கிலிருந்து ஆறாவது வரை நேராய்,
ஏழாவதற்குள் களைத்து
மிளகுக்கொடியில் சரிந்துவிடும்.
உருண்டைக்கும் காற்றுக்கும் நடக்கிற வழக்கில்
எந்தக் குழல் சாட்சிக்கு வந்தும்
தீர்ப்பு மாறவில்லை.

இன்னும் வேகமாய் அனுப்பலாம்.
இரும்பு தாங்கும்.
நொடிக்கு இருநூற்று எண்பது அடி என்பது
இரும்பைக் கேட்டு எழுதிய கணக்கில்லை.
அதற்கு மேலே போனால்
வாசல் போர்டில் இருக்கிற 'விளையாட்டு' என்ற சொல்லை
நான்தான் ஏணி போட்டு அழிக்க வேண்டும்.

என் மேசைமேல் இருபத்திரண்டு துப்பாக்கிகள்
வயிறு திறந்து கிடக்கின்றன.
விலை எட்டாயிரமோ எண்பதாயிரமோ
நோய் ஒன்றுதான்,
செவ்வாய்ப்பேட்டையில் ஆறு ரூபாய்க்கு விற்கும்
ரப்பர் வளையம்.
மார்கழியில் சிலிண்டர் குளிர்ந்து
எல்லாம் ஒரே குரலில் இருமும்.
முகமூடிக்கு இரட்டைக் கண்ணாடி வந்தது,
அதற்குள் சின்ன விசிறி வந்தது.
மூடுபனி அவற்றுக்கு முன்பே வந்து
எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அஞ்சு ரோட்டில் நாற்பத்தொரு டிகிரியில் வியர்த்த குண்டுகள்
பஸ்ஸில் மேலே வருவதற்குள் குளிர்ந்து
முட்டை வடிவம் எடுக்கின்றன.
முட்டை நேராய்ப் போனதாக
எங்கும் எழுதியில்லை.

போன ஞாயிறு ஒரு வங்கி மேலாளர்
தோளில் பச்சை வாங்கினார்.
பீப்பாய்க்குப் பின்னால் குனிந்தார்,
காப்பி இலையால் அழகாய்த் துடைத்தார்,
எழுந்து இரண்டு பேரைச் சுட்டார்.
இதற்கு ஏதாவது வந்திருக்கிறதா என்றேன்.
சென்சார் சட்டை வருது மேடம்.
கழற்றி வைத்துவிட்டு ஆடுவார்கள் என்றேன்.
ஹேமந்த் டீ குடித்துவிட்டு இறங்கிப் போனார்.
பெட்டியை விட்டுப்போகவில்லை, கவனமான மனிதர்.

தீர்த்தகிரி வேறு கட்சி.
"துப்பாக்கி முடிஞ்சிருச்சுக்கா.
குண்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."
அவன் அப்பாவுக்கு வாழப்பாடி தாண்டி ஜவ்வரிசி ஆலை.
மரவள்ளி மாவில் தோல் செய்து
பீட்ரூட் சாறு நிரப்பி
பால் தூக்கில் கொண்டுவருவான்.
முதல் வகை குழலுக்குள்ளேயே பாயசமானது.
இரண்டாவது வகையை எறும்புகள் வென்றன.

மூன்றாவது வகை, நேற்றைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு.
வெளியே நல்ல வெயில், பனியே இல்லை.
யார்மேல் சுடுவது?
இரண்டு பேரும் மரத்தைப் பார்த்தோம்.
மரத்துக்கு வலித்ததா என்று கேட்டு எழுத முடியாது.
நான் முப்பது தப்படி நடந்து போய்த் திரும்பி நின்றேன்.

வெடிக்கவில்லை.
தொடையில் மோதி, எகிறி,
காப்பிச் செடிகளுக்குள் முழுசாய் உருண்டு போனது.
தேடினோம், கிடைக்கவில்லை.
முளைத்தாலும் முளைக்கும்.

நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம்
இன்றுதான் மஞ்சளாகிறது.
எந்த இலை போட்டுத் துடைத்தும் போகாத
ஒரே சாயம்.

அன்றைக்கு நான் நொண்டிக்கொண்டு வர,
தீர்த்தகிரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்:
'தோல் தடிமன் போதாது' என்று எழுதி, அடித்து,
'தோல் தடிமன் அதிகம்' என்று.

எந்தத் தோலென்றும் எழுது தம்பி,
என்றேன்.