தண்ணீர் நில்லாத தொட்டி

எட்டடி ஆழம், இருபதுக்குப் பன்னிரண்டு.
மழைநீருக்கென்று கட்டியது.
முதல் ஐப்பசியிலேயே தெரிந்துபோயிற்று,
நிரம்பியதை ஒரே ராத்திரியில் மணல் குடித்துவிடுகிறது.
கொத்தனார் மூன்று முறை பூசினார்.
நான்காம் முறை போனை எடுக்கவில்லை.

அப்புறம்தான் ஏணி வைத்து இறங்கினேன்,
கையில் ஒரு சாக்பீஸோடு.
உச்சிப்புளியில் தரைக்குக் கீழே அறை வைத்திருப்பவன்
எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எண்பத்தேழில் ஒன்று என்பது அளவு.
அந்த அளவில் பாம்பன் பாலம்
எழுபத்தெட்டு அடி வரும்.
மூடியைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்த பூமயில் கேட்டாள்:
"மிச்ச அம்பத்தெட்டு அடிக் கடலை
எங்க கொண்டுபோய் வைக்கப் போறீக?"

நான் பல் கட்டுகிறவன்.
ராமநாதபுரத்தில் மூன்று டாக்டர்களுக்கு
மேல்வரிசை, கீழ்வரிசை, ஒற்றைப் பல்,
எல்லாம் என் மேசையிலிருந்துதான் போகும்.
எங்கள் தொழிலிலும் பாலம் உண்டு.
இந்தப் பக்கம் ஒரு பல், அந்தப் பக்கம் ஒரு பல்,
இரண்டையும் பிடித்துக்கொண்டு
நடுவில் இல்லாததை இருப்பதாகச் சொல்லும்.
நூற்று நாற்பத்தைந்து கண்ணில்
முப்பத்திரண்டு போதும் என்று முடிவெடுத்தேன்.
ஒரு வாய்க்கு அவ்வளவுதானே.

தூண்கள், அச்செடுக்கும் கல்மாவில் வார்த்தவை.
ஈறுக்கு வாங்கிய ரோஸ் பொடி மிஞ்சிக் கிடந்தது,
கருவாட்டுக் கொட்டகையின் ஓட்டுக்கு ஆயிற்று.
பனைக்கு டூத்பிரஷ்.
சீமைக்கருவேலுக்குத் தேங்காய் நார்;
அதை மட்டும் வைக்க வைக்க
கை நிற்கவில்லை, நிஜத்தைப் போலவே.
தரைக்கு நீலம் அடித்து மேலே வார்னிஷ் ஊற்றினேன்.
கடல் நாலு நாளில் காய்ந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த சகுபர்
என்ஜினைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தான்.
கஸ்டம்ஸில் கேட்டதற்குப் பொம்மை என்றானாம்.
மூன்று நாள் நான் அவனோடு பேசவில்லை.

நிஜப் பாலத்தில்
காற்று ஐம்பத்தெட்டைத் தாண்டினால் ரயில் நிற்கும்.
(பூமயில் கேட்ட அதே ஐம்பத்தெட்டு.
யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.)
எலெக்ட்ரீசியன் நம்புகுமார்
மேசை ஃபேன் ஒன்றைச் சிக்னலோடு கோத்துக் கொடுத்தான்.
மூன்றில் வைத்தால் சிவப்பு.
"புதுப் பாலம் நேரா மேல போகுதுண்ணே,
அதையே செஞ்சிருக்கலாமே" என்றான்.
அதற்கு வாய் இல்லையே, தம்பி.
இது நடுவில் பிளந்து, இரண்டு தாடையாக நிமிரும்.
கப்பல் எதுவும் நான் செய்யவில்லை.
இருந்தும் தினம் ஒருமுறை
ஆ காட்டு என்பேன்,
காட்டும்.

உப்புக்காற்று ஏணியில்லாமல் இறங்கும்.
வாரம் ஒருமுறை தண்டவாளம் பச்சை பூக்கும்.
பல்லுக்கு மெருகு போடும் மிஷினால்
அதற்கும் போடுவேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை.
இரண்டு முழு செட்டைக் கொடுத்துவிட்டு
கடைசி பஸ்ஸில் வந்து மூடியைத் தூக்கினால்
கீழே டார்ச் வெளிச்சம் ஆடுகிறது.
மேலேயிருந்து ஒரு சொட்டு விழவில்லை.
கொத்தனார் பூசிய மூன்று பூச்சையும் தாண்டி
அடியிலிருந்து ஊறியிருக்கிறது,
நாலு விரற்கடை.
என் நீலம் செம்மண் நிறத்தில் கிடந்தது.
பாம்பன் ஸ்டேஷனின் பெயர்ப் பலகை
மண்டபத்துப் பக்கமாக மிதந்து வந்துகொண்டிருந்தது.
பாலம் மட்டும்
முதல்முறையாகத்
தேவைப்பட்டு நின்றது.

ஏணியில் இறங்கினேன். பின்னாலேயே பூமயில்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவை,
கையில் பிளாஸ்டிக் வாளி.
"ஓடுமா?"
பன்னிரண்டு வோல்ட்தான், பேட்டரி உயரத்தில் இருக்கிறது.
திருகினேன்.
பத்தாவது கண், பதினொன்று.
விளக்கின் மஞ்சள் தண்ணீரில் இன்னொரு ரயிலாகத்
தலைகீழாகக் கூடவே வந்தது.
பதினாறில் நிறுத்தினேன்.
திறக்கிற இடத்தில்,
இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே,
ஒரு தவளை.

ஃபேனை மூன்றில் வைத்தேன். சிவப்பு.
அது நகரவில்லை.
பூமயில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.
"ஏங்க, நல்ல தண்ணி."
இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தாள்.
"துவைக்க ஆகும்."

பாக் நீரிணையிலிருந்து இரண்டு வாளி மொண்டுகொண்டு
அவள் ஏறிப் போனாள்.
கடல் அரை நூல் இறங்கியது.
சிக்னல் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது.