சாய்வு

தானாகச் செய்யும் பொத்தான் செத்துப்போச்சு.
இனிக் கையால்தான்: முதலில் பத்து, பிறகு நூறு.
பிளாஸ்டிக் குவளைகள். கண்ணாடியும்
சோடியம் கசியவிடும்.

உப்புவெளியில் ஆய்வுகூடம் கட்டியவரை
என்ன சொல்ல!
கடற்காற்றுக்குப் பயந்து யன்னலைச் சாத்தினேன்,
மின்விசிறியையும் நிறுத்தினேன்.
மில்லிவோல்ற் ஏறுகிறது, நிற்கிறது,
எதையோ மறந்துவந்ததுபோல்
மறுபடி கொஞ்சம் ஏறுகிறது.

சாய்வு ஐம்பத்தொன்று.
ஐம்பத்தொன்பதுக்குக் கிட்டவாவது வராமல்
எந்தக் கிணற்றையும் பேசவிட முடியாது.

மூன்றாந்தரம்தான் கண்டேன்:
குனியும்போது நெற்றியிலிருந்து ஒரு துளி.
பத்து என்று ஒட்டியிருந்த தண்ணீரில்
நானும் கலந்திருந்தேன்.

நெற்றிக்குத் துவாய். புதுக் குவளை.
பத்து. நூறு.
ஐம்பத்தெட்டு தசம் ஆறு. போதும்.

கடைசியாய் இறக்கக்கண்டி றமீஸா
தந்துவிட்ட சோடாப் போத்தல்.
சுற்றிய தாளில் பேனையால்,
"நல்ல தண்ணி, தேத்தண்ணிக்கு இதுதான்."
ஐந்து மடங்கு ஐதாக்கினேன்.
எண்பத்திரண்டு.
ஐந்தால் பெருக்க, நானூற்றுப் பத்து.

படிவத்தில் எழுதாமல்
மின்வாயைக் கழுவித் துடைத்து
திரும்பவும் அந்தப் பத்தில் இறக்குகிறேன்.

பத்து என்கிறது.