ஆண், வயது அறுபத்தொன்று

முப்பத்தெட்டு வருடம்
ஹியூமா தீவுக்குப் போகும் படகின் வயிற்றில் வேலை.
எது தளர்ந்தாலும் எது இறுகினாலும்
விரல்நுனி சொல்லிவிடும்.
இடது காம்புக்குப் பின்னால்
எட்டு மில்லிமீட்டர் நட்டு ஒன்று இருப்பதையும்
சொன்னது.
நான்தான் கேட்காதவன் போல
இரண்டு குளிர்காலம் ஓட்டினேன்.
வலிக்கவில்லை.
வலிக்காதது எப்படி நோயாகும்?

சவுனாவில், ஆவிக்கு நடுவே,
காம்பு உள்ளிழுத்துக் கிடப்பதைப் பார்த்தவள் மைமு.
அகப்பையைக் கீழே வைத்தாள்.
"இது எப்போதிலிருந்து?"

தாலின் மருத்துவமனையில் சுவரெல்லாம் இளஞ்சிவப்பு.
காத்திருந்தவர்களில் ஒருத்தி
யாருக்குத் துணையாக வந்தீர்கள் என்று கேட்டாள்.
எனக்கு நானே, என்றேன்.
படிவமும் கேட்டது:
கடைசி மாதவிடாய் எப்போது,
எத்தனை பிரசவம்,
தாய்ப்பால் கொடுத்ததுண்டா.
மூன்றிலும் கோடு போட்டேன்.
தட்டுகளுக்கு இடையில் வைத்து அழுத்த
என்னிடம் சதை போதவில்லை.
மூச்சைப் பிடியுங்கள் என்றபடி
வழுக்கும் மீனைப் பிடிப்பதுபோல் பிடித்து இழுத்தாள்
கெர்ஸ்தி என்ற அந்தச் சின்னப் பெண்.
அவள் முகம் மட்டும்
ஒரு தடவைகூட என்னை விசித்திரமாகப் பார்க்கவில்லை.

ஊசியில் எடுத்த துணுக்கு
ஒன்பதாம் நாள் வாய் திறந்தது.
மார்பகப் புற்று.
ஆணுக்கும் அந்தத் திசு கொஞ்சம் உண்டு என்றார் மருத்துவர்.
கொஞ்சம் போதுமாம்.
பெண் ஹார்மோனைத் தின்று வளரும் ரகம்.
அது என் உடம்பில் ஏது என்றேன்.
எல்லா ஆணிடமும் உண்டு, கணக்குக் கேட்பதில்லை நீங்கள், என்றார்.
வெட்டுவது முதலில்.
பிறகு கதிர். பிறகு ஐந்து வருடம் மாத்திரை.
எஞ்சினைப் பிரிக்கும் ஒழுங்கு.
அது மட்டும் எனக்கு விளங்கியது.

அக்குளில் காவல் நிற்கும் கணுவைத் தேட
நீலச் சாயம் ஏற்றினார்கள்.
மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனது.
அந்த வாரம் நான் சிரித்தது அதற்கு மட்டும்.
ஒரு கணுவில் இருந்தது. இரண்டில் இல்லை.
காம்பு இருந்த இடத்தில் இப்போது
குறுக்காக ஒரு தையல்,
வெல்டிங் என்றால்
நான் இன்னும் நேராக வைத்திருப்பேன்.

படகில் சொன்னேன்: நெஞ்சில் ஆபரேஷன்.
இதயம் என்று எடுத்துக்கொண்டார்கள்.
எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.
ராய்வோ கொழுப்பில்லாத சீஸ் வாங்கி வந்தான்.
வாராவாரம். எட்டு மாதம். தின்றேன்.

பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினெட்டு.
இரவு இரண்டு மணிக்கு
உடம்புக்குள் யாரோ அடுப்புக் கதவைத் திறக்கிறார்கள்.
மாத்திரையின் வேலை.
பத்து வருடம் முன்பு மைமு இப்படித்தான்
எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள்.
விறகு ஓசியிலா வருகிறது என்று கத்துவேன்.
இப்போது திறப்பவன் நான்.
அவள் போர்வைக்குள்ளிருந்து
"விறகு" என்று தொடங்கி, நிறுத்தி,
எழுந்து வந்து
பிடரியில் குளிர்ந்த கையை வைக்கிறாள்.

ரத்தம் இன்னொன்றும் சொன்னது.
பரம்பரையில் ஓர் எழுத்துப் பிழை;
பிள்ளைக்கு இறங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.
பிரெத்துக்கு முப்பத்திரண்டு.
போனில் சொல்ல வரவில்லை.
கடல் உறைந்திருந்தது. பனிமேல் காரோட்டிப் போனேன்.
அங்கே சீட் பெல்ட் போடக்கூடாது,
உடைந்தால் வெளியே பாய வேண்டும்.
மெதுவாகப் போகலாம், வேகமாகவும் போகலாம்,
இடைப்பட்ட வேகம்தான் ஆகாது,
அடியில் அலை திரண்டு பனியைப் பிளக்கும்.
மகளிடமும் அதுவே என்று தோன்றியது.
வாசலிலேயே சட்டையைத் திறந்தேன்.
அவள் தையலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நானும் ரத்தம் கொடுக்கணும், அவ்வளவுதானே?
பித்தானைப் போடுங்கள் அப்பா, குளிரும்."

அடுத்த ஷிப்டில் சொன்னேன்.
ராய்வோ, சீஸ் போதும். இதயம் இல்லை. மார்பு.
எஞ்சின் சத்தத்துக்கு மேல் யாரும் பேசவில்லை.
ஒருவன் இருமினான். ஒருவன் ஏணியேறிப் போய்விட்டான்.
ஹெல்தர்மா துறை நெருங்குகையில் பார்த்தேன்:
கருவிப் பெட்டிக்குப் பின்னால்
முதுகைக் காட்டி நின்ற ராய்வோ
கையுறையைக் கழற்றி
சட்டைக்குள் கைவிட்டு
எதையோ நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தான்.