கேள்வி எழவில்லை

டிசம்பர் தில்லி. கண்ணாடி அறைக்குள்
ஹெட்போனோடு நான்.
கீழே எழுந்து நிற்கிறார் பிலோமினா,
எங்கள் கழிமுகத்து உறுப்பினர்.

'சாம்பல் குழாய் உடைந்து எத்தனை நாளாகிறது?'
இந்தியில் சொல்லிவிட்டேன்.
'இறால் தடவுகிற பெண்களுக்கு
விரலிடுக்கு வெந்துகிடப்பது
அமைச்சருக்குத் தெரியுமா?'

தடவுகிற என்பதில் திக்கினேன்.
சேற்று நீருக்குள் கை கண்ணாவதற்கு
அந்த மொழியில் எனக்குச் சொல் அகப்படவில்லை.
பிடிக்கிற என்று போட்டு நகர்ந்தேன்.

அமைச்சர் தாளைப் பார்த்து வாசிக்கிறார்:
(அ) தகவல் திரட்டப்படுகிறது.
(ஆ) இல்லை.
(இ), (ஈ) கேள்வி எழவில்லை.

அதைத் தமிழில் சொன்னதும் நான்தான்,
குரல் ஏறாமல், இறங்காமல்,
சம்பளத்துக்குத் தக்கபடி.

துணைக் கேள்விக்கு எழுந்தவருக்கு
இருமல் வந்துவிட்டது.
அமைச்சருக்கும்.
பின்வரிசையில் யாருக்கோ.
மூன்று மாதமாக ஊரே இருமுகிறது.
எனக்கு வேலையில்லாத அரை நிமிடம்.
குறிப்பில் 'குறுக்கீடு' என்று ஏறியது.
மணி பன்னிரண்டு. அடுத்த அலுவல்.

லிஃப்டில் அவரும் நானும்.
முகக்கவசத்தை இறக்கிக் கேட்டார்:
'தடவுறதுக்கு என்ன சொன்னீங்க, தம்பி?'