கேட் பதிவேட்டின் கடைசிப் பக்கங்கள்

முன்பக்கங்களில் ரயில்கள்:
எண், நேரம், சாத்தியது, திறந்தது, கையொப்பம்.
நோட்டைத் தலைகீழாய்த் திருப்பினால்
டிக்கெட் எடுக்காதவர்கள்.

கோட்டையூர் தாண்டி, செட்டிநாடு ஸ்டேஷனுக்கு முன்னால்
செம்புறாங்கல் பொட்டலும் கம்மாயும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
என் கேட்.
பதினோரு மணிக்கு மேல் மனித வரத்து இல்லை.

மயிலை எழுதுவதில்லை. இங்கே அது கோழி.

ஆடி நாலு: சுடலைக்குயில் வந்தாயிற்று.
கறுப்பு வெள்ளை, உச்சியில் கொண்டை, சிக்னல் கம்பத்தின்மேல்.
ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறதாம்.
ஒரு சேதியும் கொண்டுவரவில்லை.
ஐப்பசி, முதல் மழைக்கு மறுநாள்:
ஜல்லிக்கு நடுவே தம்பலப்பூச்சி, சொட்டுச் சொட்டாய்ச் சிவப்பு.
மார்கழி: நத்தைகுத்தி நாரை முப்பத்தேழு,
எண்ணி முடிக்குமுன் பல்லவன் வந்து கலைத்துவிட்டது.
பங்குனி: கம்மாய் வெடித்துக் கிடக்கிறது. நரி இரண்டு, ஒன்று நொண்டி.
சித்திரை: நொண்டி மட்டும்.

கென்யாவிலிருந்து வயிரவன், என் புருஷன்,
அனுப்புவதும் இதே மாதிரிதான்.
காட்டு விடுதியில் சமையல். மூன்று வருஷக் கான்ட்ராக்ட்,
அதில் இரண்டு ஏஜென்ட் கடனுக்கே போகும்.
குரல் செய்தியில் சொல்வான்:
"ஆகஸ்ட். தாடி வச்ச மாடு மாதிரி ஒண்ணு,
ஆயிரக்கணக்குல ஆத்தைக் கடக்குது, முதலை காத்துக் கெடக்கு.
இன்னைக்குக் காலையில சிங்கம் ஏழு."
பின்னால் குக்கர் விசில்.
அந்த ஏழையும் எண்ணிக்கொண்டே கேட் சாத்துவேன்.

போன மாசம் வீடியோ அழைப்பில்
அவன் தோளுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை தெரிந்தது.
விலங்கின் பெயர், எண்ணிக்கை, பார்த்த இடம்,
வழிகாட்டிகள் சாக்பீஸால் விருந்தாளிகளுக்கு எழுதி வைப்பது.
கேட்டேன்.
கொஞ்ச நேரம் வெங்காயம் நறுக்கினான்.
"அடுப்படிக்கு ஜன்னல் கெடையாது" என்றான்.
"வந்த அன்னைக்கு வேன்லேருந்து ஒரு ஒட்டகச்சிவிங்கி.
அதுவும் கழுத்து மட்டும்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்கலாம்.
பலகையின் அடிவரி காலியாயிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது என்ன என்றேன். பெயர் சொன்னான், புரியவில்லை.
படம் அனுப்பினான்.
உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த பிராணி.
"இருபது வருஷமா வேலை பாக்குறவரே பாத்ததில்லையாம்.
இதைக் காட்டச் சொல்லித்தான் பாதிப் பேர் பணம் கட்டி வர்றாங்க."

நோட்டில், மாசி பதினெட்டில், ஓர் அடித்த வரி இருக்கிறது.

அன்று இரண்டு நாற்பதுக்கு
கரையான் புற்றுப் பக்கமிருந்து வந்தது,
நகங்களை உள்ளே மடித்து
கடன் கேட்க வந்தவன்போலத் தலை குனிந்து.
தண்டவாளத்தில் ஏற முடியவில்லை.
வழுக்கிற்று. செதில் இரும்பில் உரசும் சத்தம்
சுளகில் கூழாங்கல்லைப் புடைத்தாற்போல.
மறுபடி வழுக்கிற்று.
இராமேஸ்வரம் வண்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம்.
சிவப்பு விளக்கு கையில் இருந்தது.
அழுங்குக்காக வண்டியை நிறுத்தினேன் என்று
முன்பக்கத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?
மூன்றாம் தடவையும் வழுக்கிற்று.
பிறகு எப்படியோ ஏறி, அந்தப் பக்கம் விழுந்து,
காரைப் புதருக்குள் போய்விட்டது.

எழுதினேன். எழுதியதும் பேனா கிழியுமளவு அடித்தேன்.
அதன் ஓட்டைக் கிலோக் கணக்கில் விலை பேசுகிறவர்களும்
இந்த கேட்டில் ஹாரன் அடித்துக் காத்திருப்பவர்கள்தான்.

வயிரவனிடம் மட்டும் சொன்னேன்.
எனக்கு இரண்டரை மணி, அவனுக்கு நடுராத்திரி,
பாத்திரம் கழுவும் நேரம்.
குழாய்ச் சத்தம் நின்றது.
"நம்ம கேட்டுலயா?"
"ஆமா."
"பலகையில எழுதட்டுமா?"
"எழுதாதே."
சரி என்றான். பலகை எனக்குத் தெரியாதபடி
கேமராவைத் திருப்பினான்.
"இன்னொரு தடவை சொல்லு," என்றான்,
"எத்தனை வாட்டி வழுக்குச்சு?"