வலது காதுக்கு

சோஹார் தொழிற்பேட்டை, மூன்றாம் தெரு.
டயர்க் கடைக்கும் கரக் டீக்கடைக்கும் நடுவே
என் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை, நிக்காஹ், மவுத்து
எல்லாவற்றுக்கும் ஒரே கீபோர்டு.
அதில் 'ஐன்' எழுத்து மட்டும் தேய்ந்து வெளுத்துவிட்டது.
வேலைக்கும் அதுதான் முதலெழுத்து, ஒப்பந்தத்துக்கும்,
இன்னொன்றுக்கும்.

காலையில் மந்தூப் வந்தார்.
மாதம் நாற்பது தாள் கொடுக்கிற கம்பெனி,
டீ சொல்லி உட்காரவைக்கவேண்டிய ஆள்.
"வழக்கமானதுதான், பெயரை மட்டும் மாற்று."
மாற்றினேன்.
எனக்குச் சேரவேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது,
இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.
அடியில் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில்
பவுன்ராஜ் தங்கக்கனி.

தட்டும்போது நான் எதையும் படிப்பதில்லை.
படித்தால் பிழை வரும்.

அஸருக்குப் பிறகு
அந்தப் பெயர் நடந்து வந்தது.
நாற்காலியை இழுத்துப் பக்கவாட்டில் போட்டு
முகத்தைச் சுவருக்குக் காட்டி உட்கார்ந்தது.
மரியாதை தெரியாதவன் என்றிருந்தேன்.
வலது காதை எனக்குக் கொடுத்திருக்கிறான்
என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வாதி ஓரம் ஜல்லி உடைக்கிற மெஷினில் ஒன்பது வருஷம்.
காதடைப்பான் கொடுத்தார்களாம், ஒரே ஒரு தரம்,
பாதுகாப்பு தினத்தன்று.
போட்டோ எடுத்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம்.
இப்போது "நடிக்கிறான்" என்கிறது ஆபீஸ்.
கை போனவனுக்குக் கட்டு இருக்கும்.
காது போனவனுக்கு
காது அப்படியே இருக்கிறதே.

பாலிதீன் பைக்குள்ளிருந்து ஆஸ்பத்திரித் தாள்.
அதில் இரண்டு கோடுகள்:
ஒன்று மேட்டில் தட்டுத் தடுமாறிப் போகிறது,
மற்றது பாதி வழியில் கிணற்றில் விழுந்துவிட்டது.
கீழே டாக்டரின் பச்சை மையில் 'அஜ்ஸ்',
நிரந்தரம்,
பக்கத்தில் ஒரு சதவீதம்.

"என்னண்ணே எழுதியிருக்கு, என்னையப் பத்தி?"

அஜ்ஸ் என்றால் இயலாமை.
பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலும்
இங்கே பேப்பரில் அதே சொல்தான் போடுவார்கள்.
ஊரில் அட்டை வாங்கினால் மாற்றுத்திறனாளி.
மூன்றையும் வாய்க்குள் புரட்டிப் பார்த்துவிட்டு
"நட்டம்னு எழுதியிருக்கு" என்றேன்.

"யாருக்கு?"

சொல்லவேண்டியதைக் காதோடு காதாகச் சொல்லவேண்டும்.
மந்தூபின் பையன் சோபாவில் இருக்கிறான்,
வேறொரு தாளுக்காக.
மெல்லச் சொன்னால் இவனுக்குக் கேட்காது.
எழுதிக் காட்டினேன்.
"கண்ணாடி ரூம்ல கிடக்குண்ணே."

கத்தினேன்.
காலையில ஒரு தாள் அடிச்சேன், அதுல கையெழுத்துப் போடாத!
லேபர் ஆபீசுக்குப் போ!
டாக்டர் தாள் மூலத்த எவன்கிட்டயும் குடுக்காத!
தேதி தாண்டினா கேசு நிக்காது!
கம்பெனி நிறுத்தினாலும்
காதுக்குச் சேரவேண்டியது தனி!

டயர்க் கடையில் கம்ப்ரசர் நின்றது.
டீக்கடையில் சர்க்கரைக் கரண்டி நின்றது.
சோபாப் பையன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"கேக்குதுண்ணே," என்றான் பவுன்ராஜ்,
"ஏன் கத்துறீங்க?"

மனு அடித்தேன். இந்த முறை படித்துப் படித்து.
இரண்டு இடத்தில் பிழை வந்தது.
மனுவுக்கு ஒன்றரை ரியால், நகலுக்கு இருநூறு பைசா.
சும்மா செய்திருக்கலாம்தான்.
ஆனால் இன்ன தேதியில் இவன் வந்தான், கேட்டான் என்று
ஒரு ரசீதாவது சாட்சி சொல்லவேண்டுமே.
எண்ணி வாங்கினேன். சில்லறை கொடுத்தேன்.
நாற்பது தாளை மனசுக்குள் கழித்துக்கொண்டேன்.

பையை இடுப்பில் செருகிக்கொண்டு
வாசல்படியில் நின்றான்.
"காலையில அடிச்சீங்களே அண்ணே, அந்தத் தாளு,
அதுக்கும் இதே ரேட்டுதானா?"

நான் பதில் சொன்னேன்.

அதற்குள் தெருப் பக்கம் திரும்பியிருந்தான்,
இடது காது
என் பக்கம்.